கப்சாய்க்குள் ஒரு மின்நிலையம்

மலேசியாவின் தாப்பா பட்டணத்தில் பொழுது சாயும் நேரம் சமிக்ஞை விளக்கருகே நின்று பாருங்கள். சிவப்பு விழுந்ததும் பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5, கப்சாய் என்று நாம் அழைக்கும் சிறு மோட்டார் சைக்கிள், ஒன்று வந்து நிற்கும். ஓட்டுபவர் பிடியைத் தளர்த்தியதும் அதன் முகப்பு விளக்கு மங்கி, பால் விடாத தேநீரின் நிறத்துக்கு வந்துவிடும். பச்சை விழுந்து அவர் முறுக்கியதும் சட்டென்று வெளுக்கும். தினமும் பார்க்கும் காட்சிதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஸ்கூட்டரில் கைப்பேசிக்கு ஒரு சார்ஜர் பாயிண்ட் வைக்கலாமா என்ற கேள்விக்கு முக்கால் பங்கு பதில் அந்த மங்கலில் இருக்கிறது.

இந்தக் கேள்வி இப்போது எல்லோருக்கும் வருகிறது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையனுக்குக் கைப்பேசி அணைந்தால் அன்றைய வரும்படியும் அணைந்தது. தாப்பாவில் தொடங்கும் 59-ஆம் எண் சாலையில் கேமரன் மலைக்கு ஏறினால் தானா ராத்தா போய்ச் சேர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மலை மடிப்புகளுக்குள் கோபுரத்தின் அலை கிடைக்காமல் கைப்பேசி உரக்கக் கத்திக் கத்தியே களைத்துப்போகும். அலை பலவீனமான இடத்தில் அது கூடுதல் சக்தியில் ஒலிபரப்புகிறது. அதனால்தான் காட்டுப்பாதையில் சார்ஜ் வேகமாக இறங்குகிறது.

பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த வயர்ல சேர்க்கலாம்?" அதற்கு ஐந்து நிமிடத்தில் விடை சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்றை யாரும் கேட்பதில்லை: இந்த வண்டியில் செலவு போக மின்சாரம் எவ்வளவு மிச்சம்?

மிச்சத்தை அறிய வரவு தெரிய வேண்டும். வரவு எங்கிருந்து வருகிறது?

கப்சாயின் இடப்பக்க எஞ்சின் மூடியைக் கழற்றினால் சட்டி வடிவத்தில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று தெரியும். பட்டறையில் இதை 'மேக்னட்' என்பார்கள். சட்டியின் உள்சுவரில் காந்தங்கள் பதிந்திருக்கும். சட்டிக்குள் பூவிதழ் விரித்ததுபோல இரும்புக் கைகள், ஒவ்வொன்றிலும் செம்புக் கம்பிச் சுருள். இதற்கு 'ஸ்டேட்டர்' என்று பெயர். பூ அசையாது, சட்டி மட்டும் எஞ்சினோடு சேர்ந்து சுழலும். காந்தம் ஒவ்வொரு சுருளையும் கடந்து போகும்போது சுருளில் மின்சாரம் பிறக்கும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தது இதைத்தான். கம்பிச் சுருளுக்கு அருகே காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும், எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு கூடுதலாகத் தோன்றும். கப்சாயில் உள்ள மின்னாக்கியை விளக்க இந்த இரண்டாவது பாதி போதும்.

மலைச் சாலையில் ரிங்லெட்டைத் தாண்டிப் போகும்போது ஓர் ஏரி வரும். 1963-இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் அது. இயற்கை விட்ட வழியில் போயிருந்தால் அந்தத் தண்ணீர் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போயிருக்கும். பொறியாளர்கள் மலையைக் குடைந்து அதை மேற்கே, பேராக் பக்கம் திருப்பினார்கள். அரை கிலோமீட்டருக்கும் கூடுதலான உயரத்திலிருந்து குழாய்வழி விழும் நீர், தாப்பாவுக்கு மேலே ஜோர் என்ற இடத்தில் பாறைக்குள் அமைந்த சுல்தான் யூசுப் மின்நிலையத்தில் கிண்ணங்கள் பதித்த சக்கரங்களை அறைந்து சுழற்றுகிறது. 1963 முதல் அங்கே 100 மெகாவாட். அங்கே உழைத்த நீர் இன்னும் கீழே இறங்கி, 1968-இல் வந்த வோ மின்நிலையத்தில் 150 மெகாவாட்டுக்கு மறுபடி உழைக்கிறது. அதே மலைச் சாலையில் முக்கி முனகி ஏறும் கப்சாயின் எஞ்சின் மூடிக்குள்ளும் நடப்பது ஃபாரடேயின் அதே விதிதான். ஒன்றில் தண்ணீர் சுழற்றுகிறது, மற்றொன்றில் பெட்ரோல் சுழற்றுகிறது.

ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு, நம் கதையின் சிக்கல் அதில்தான் பிறக்கிறது. ஜோரில் சக்கரத்தின் வேகம் மாறவே கூடாது. நாடு முழுவதற்கும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றாகப் போய்ச் சேர வேண்டும், தேவை கூடினால் நீரைக் கூட்டி அதே வேகத்தில் வைத்திருப்பார்கள். அங்குள்ள காந்தங்களும் மின்காந்தங்கள்; அவற்றுக்குள் விடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து மின்னழுத்தத்தைப் பிடித்து வைக்கலாம். காரில் உள்ள ஆல்டர்னேட்டரும் அந்த வகை. கப்சாய்க்கு இரண்டு வசதியும் கிடையாது. அதன் காந்தம் நிலைக்காந்தம், பலத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதன் வேகமோ ஓட்டுபவரின் வலது கையில் இருக்கிறது. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று, மேட்டில் முறுக்கினால் 7,000. ஐந்து மடங்கு வேகம் என்றால் சுருளில் தோன்றும் மின்னழுத்தமும் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

சமிக்ஞை விளக்கில் நின்ற இ.எக்ஸ்.5-க்கு இப்போது திரும்பலாம். மலேசியாவுக்கு 1987-இல் வந்த இந்த வண்டியின் பழைய வகைகளில் முகப்பு விளக்கு மின்கலத்திலிருந்து எரிவதில்லை. ஸ்டேட்டரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரம் நேரே விளக்குக்குப் போகிறது. எஞ்சின் சோர்ந்தால் விளக்கும் சோரும். மின்கலத்துக்கோ, அலையின் ஒரு பாதியை மட்டும் வடிகட்டி எடுத்துச் சிறிதளவு சார்ஜ் ஏற்றுகிறார்கள். விளக்குக்கு ஒரு பங்கு, மின்கலத்துக்கு மிச்சம் மீதி என்ற ஏற்பாடு. ஹோண்டா கப் 1958-இல் ஜப்பானில் பிறந்தபோது அதன் வேலை நூடுல்ஸ் கடைப் பையனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அங்கே கைப்பேசி ஏது, சார்ஜர் ஏது? பினாங்கின் லோ பூன் சியூ அந்த வண்டியை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 'கப்' என்ற பெயரோடு சீனத்தின் 'சாய்' சேர்ந்து கப்சாய் ஆயிற்று. பிறகு தோட்டம் தோட்டமாகப் பால் வாளியையும் பிள்ளைகளையும் சேர்த்துச் சுமந்த வண்டி அது.

பழைய கப்சாய்க்காரர்களிடம் 'ஃபுல் வேவ்' என்ற சொல் அடிபடும். பட்டறையில் சொல்லிச் செய்துகொள்வார்கள். ஏதோ பந்தய வேலை என்று நினைக்க வேண்டாம். ஸ்டேட்டரின் ஒரு முனை வண்டியின் உடம்போடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அதைப் பிரித்தெடுத்து, அலையின் இரண்டு பாதியையும் பயன்படுத்தும் ரெக்டிஃபயரை மாட்டுவதுதான் அந்த வேலை. இதுவரை வீணாய்ப்போன பாதி அலையும் மின்கலத்துக்கு வரும், விளக்கும் மின்கலத்திலிருந்து நிதானமாக எரியும். ஒழுங்காகச் செய்தால் நல்ல வேலை. பழைய வண்டியில் இதைச் செய்யாமல் சார்ஜர் மாட்டுவது, கிணற்றில் ஊற்று இருக்கிறதா என்று பார்க்காமல் பம்பு வைப்பதற்குச் சமம்.

புதிய வண்டிகளில், குறிப்பாக எரிபொருள் தெளிப்பான் உள்ளவற்றில், எல்லாம் மின்கலத்தின் வழியே போகும். ஸ்டேட்டரிலிருந்து வரும் அலையை நேராக்கி, 14 வோல்ட்டைத் தாண்டிப் போகாமல் பிடித்து வைக்கும் வேலையை ரெகுலேட்டர் செய்கிறது. சிறு வண்டிகள் பலவற்றில் அது கையாளும் முறை முரட்டுத்தனமானது. தேவைக்கு மேல் வந்தால் சுருளின் முனைகளையே ஒரு கணம் குறுக்கே இணைத்து மடைமாற்றிவிடும். அதனால்தான் அந்த உலோகக் கட்டிக்குச் சீப்புப் பல் போன்ற தகடுகள். ஓட்டிவிட்டு வந்து தொட்டால் விரல் சுடும்.

அடுத்தது மின்கலம். பிரான்சில் காஸ்டன் பிளாண்ட்டே 1859-இல் ஈயத்தகட்டையும் அமிலத்தையும் வைத்துச் செய்து காட்டியது இன்றும் நம் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அறைக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆறு அறைகள், மொத்தம் 12.6. இதைப் பெரிய சேமிப்புக் கிடங்கு என்று எண்ணிக்கொள்வதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. கப்சாயில் இருப்பது 3.5 ஆம்பியர்-மணி அளவிலான சிறு மின்கலம். 12 வோல்ட்டால் பெருக்கினால் 42 வாட்-மணி. இப்போது உங்கள் சட்டைப்பையில் உள்ள 5,000 மில்லி ஆம்பியர்-மணிக் கைப்பேசிக்குக் கணக்குப் போடுங்கள். அதன் மின்கலம் சுமார் 3.85 வோல்ட், ஆகவே 19 வாட்-மணி. அவ்வளவு கனமான வண்டி மின்கலத்துக்குள் இருப்பது வெறும் இரண்டு கைப்பேசி அளவுதான்! அதிலும் ஈய மின்கலத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். வழியில் ஏற்படும் இழப்பையும் கழித்தால், எஞ்சினை அணைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்து ஒரு கைப்பேசியை முழுதாக ஏற்றினாலே வண்டி உங்களைக் கைவிடக்கூடும். பழைய வண்டியென்றால் காலால் உதைத்துக் கிளப்பலாம். உதைக்கும் கட்டையே இல்லாத தானியங்கி ஸ்கூட்டராக இருந்தால் தள்ளிப் பார்த்தும் பயனில்லை.

எனவே சார்ஜரை மின்கலத்தின் சேமிப்பிலிருந்து ஓட்டக் கூடாது. ஓடும்போது வரும் வரும்படியிலிருந்து ஓட்ட வேண்டும்.

வரும்படி எவ்வளவு? வண்டிக்கு வண்டி மாறும். பழைய கப்சாயில் சில பத்து வாட்டுகள், புதிய 150 சிசி வண்டிகளில் அதைப்போல் பல மடங்கு. செலவை வண்டியிலேயே படிக்கலாம், பல்புகளின் கழுத்தில் எழுதியிருக்கும். முகப்பு விளக்கு 35 வாட், பின்விளக்கு 5, பிரேக் பிடித்தால் இன்னொரு 21, திரும்பும் விளக்கு ஒவ்வொன்றும் 10. எரிபொருள் பம்பும் கணினிப் பெட்டியும் தீப்பொறியும் சேர்ந்து ஓர் இருபது முப்பது. மேலும், முகப்பு விளக்கைப் பகலில் அணைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று மலேசியாவில் நினைக்க முடியாது. 1992 செப்டம்பரிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரித்துப் போவது சட்டம். எதிரே வருபவரின் கண்ணுக்குப் படுவதற்காக வந்த சட்டம், உயிர் காத்த சட்டம். ஆனால் வண்டியின் மின்கணக்கில் அது நிரந்தரச் செலவு. இந்த 35 வாட்டைக் குறைக்க நேர்வழி ஒன்று உண்டு: அந்த வண்டிக்கென்றே செய்த தரமான எல்இடி. அதே வெளிச்சத்துக்குப் பாதிக்கும் குறைவான மின்சாரம் போதும். மிச்சமானதில் கைப்பேசிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சக்கரத்தைச் சுற்றி நீல விளக்கும் இருக்கைக்கடியில் ஒலிபெருக்கியும் மாட்டிவிட்டு, "சார்ஜ் நிக்கமாட்டேங்குதுண்ணே" என்று வரும் தம்பிகளுக்கு வேறு பதில் இல்லை.

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்நாளில் பல தோட்டங்களில் பொழுது சாய மின்சாரத்துக்கு எஞ்சின் போட்டு இரவு பத்துக்கெல்லாம் நிறுத்திவிடுவார்கள். யாராவது இஸ்திரிப்பெட்டியைச் சொருகினால் அந்த வரிசை வீடுகள் அத்தனையிலும் விளக்கு மங்கும். யார் வீடு என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவு வேண்டாம், மறுநாள் யார் மடிப்பு வைத்த சட்டையோடு வருகிறார் என்று பார்த்தால் போதும் என்று என் அப்பா சொல்வார். சமிக்ஞை விளக்கில் மங்கும் இ.எக்ஸ்.5-இன் கதையும் அதுதான். மின்னாக்கி சிறியது, சொருகல் பெரியது.

சரி, மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம். வண்டியில் இருப்பது 12 முதல் 14 வோல்ட், கைப்பேசி கேட்பது 5. நடுவில் இருக்கும் 9 வோல்ட்டை என்ன செய்வது?

பழைய மின்னணுப் பொழுதுபோக்காளர்கள் 7805 என்ற மூன்றுகால் சில்லை எடுப்பார்கள். அது அதிகப்படியான மின்னழுத்தத்தைத் தானே விழுங்கி வெப்பமாக வெளியே விடும். 2 ஆம்பியர் ஓடினால் 9-ஐ 2-ஆல் பெருக்கி 18 வாட் சூடு. கைப்பேசிக்குப் போவது 10 வாட், கைப்பேசியைப் பார்க்காமலே போவது 18! வாங்குபவனை விடத் தரகன் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் வியாபாரம். சில்லும் அந்தச் சூட்டைத் தாங்காது.

கடையில் பதினைந்து இருபது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் யூஎஸ்பி சார்ஜருக்குள் இருப்பது வேறு தந்திரம். அடியில் ஓட்டை உள்ள ஒரு வாளியில் நீர்மட்டம் எப்போதும் பாதியிலேயே நிற்க வேண்டும் என்று வையுங்கள். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வைக்க அவசியமில்லை. முழுதாகத் திறந்து, முழுதாக மூடி, திறந்து, மூடி, அதைப் போதிய வேகத்தில் செய்தாலும் மட்டம் அசையாது. சார்ஜருக்குள் ஒரு மின்சுவிட்ச் நொடிக்கு இலட்சக் கணக்கான முறை இதைச் செய்கிறது. வாளியின் வேலையை ஒரு கம்பிச் சுருளும் மின்தேக்கியும் பார்த்துக்கொள்கின்றன. முழுதாகத் திறந்த குழாயில் உராய்வு குறைவு, முழுதாக மூடிய குழாயில் ஒழுக்கே இல்லை. அதனால் இழப்பு மிகக் குறைவு, பத்தில் ஒன்பது பங்கு உருப்படியாகப் போய்ச் சேரும். இதில் ஒரு விந்தையும் உண்டு. கைப்பேசி 2 ஆம்பியர் எடுக்கும்போது வண்டியிலிருந்து 2 ஆம்பியர் போவதில்லை, 12 வோல்ட் பக்கம் சுமார் 0.9 ஆம்பியர்தான் போகிறது. மின்னழுத்தம் இறங்கும்போது மின்னோட்டம் ஏறுகிறது, வாட்டுக் கணக்கு மாறுவதில்லை. வயரையும் பியூஸையும் தேர்ந்தெடுக்க இந்த 0.9-தான் முக்கியம்.

காரில் உள்ளதுபோல வட்டமான லைட்டர் சாக்கெட்டை ஸ்கூட்டரில் மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. சுருட்டுப் பற்றவைக்கப் பிறந்த ஓட்டை அது, பிடிப்புக்காக வடிவமைத்ததல்ல. அதிர்வில் பிளக் ஆடும், ஆடும் இடத்தில் பொறி பறக்கும், தாப்பா மழையில் அந்தக் குழி சிறு தெப்பக்குளமாகும். ரப்பர் மூடியுள்ள யூஎஸ்பி துளை போதும், அதுவும் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்.

இப்போதுதான் வயர். இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹோண்டா வண்டிகளில் வழக்கமாகச் சாவி திறந்தால் உயிர் பெறும் வயர் கறுப்பு, உடம்போடு சேரும் எதிர்முனை பச்சை, மின்கலத்திலிருந்து நேரே வருவது சிவப்பு. என் கப்சாயில் பல வருடம் கைவைத்துப் பழகிய பாடம் இது. நண்பர் ஒருவர் தன் யமாஹாவைக் கொண்டுவந்து விட்டார். முன்மூடியைக் கழற்றினேன். கறுப்பைப் பார்த்ததும் கை தானாகப் போயிற்று. சார்ஜரின் நேர்முனையைக் கறுப்பில் சேர்த்தேன், எதிர்முனையைப் பச்சையில். யமாஹாவில் கறுப்புதான் எதிர்முனை. சாவியில் உயிர் பெறுவது பழுப்பு. பச்சையோ முகப்பு விளக்குக்குப் போகும் வயர். எஞ்சினைக் கிளப்பினோம், விளக்கு எரிந்தது, சார்ஜரிலிருந்து மெல்லிய புகை வந்தது. நண்பர் ஊதுவத்தி ஏற்றியது யார் என்று கேட்டார். அன்றிலிருந்து வயர் நிறத்தை நம்புவதில்லை. பத்து ரிங்கிட் சோதனை விளக்கு ஒன்று வைத்திருக்கிறேன். அதன் ஒரு முனையை உடம்பிலும் மறுமுனையை வயரிலும் வைத்து, சாவியைத் திறந்தால் எரிகிறதா, மூடினால் அணைகிறதா என்று பார்த்த பிறகுதான் உரிப்பது.

சாவியோடு அணைவது ஏன் முக்கியம் என்றால், சார்ஜர் எதுவும் சொருகாதபோதும் கொஞ்சம் குடிக்கும். நீலநிறத்தில் வோல்ட் காட்டும் வகை சுமார் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று வையுங்கள். 3.5 ஆம்பியர்-மணி மின்கலம் 175 மணி நேரத்தில், அதாவது ஏழு நாளில், வற்றும். பாதி வற்றினாலே ஸ்டார்ட்டர் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு நான்கு நாளில் திரும்புகிறவருக்கு அதுவே போதும். மற்றபடி அந்த வோல்ட் எண் பயனுள்ளது, அலங்காரம் என்று ஒதுக்க வேண்டாம். எஞ்சின் அணைந்திருக்கையில் 12.6, ஓடும்போது 14 பக்கம் என்றால் எல்லாம் நலம். ஓடும்போதும் 12-லேயே நின்றால் செலவு வரவை மிஞ்சிவிட்டது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. உடனே சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

சார்ஜருக்கு மின்காந்தச் சுவிட்சான ரிலே வைக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதமாகச் சொல்வார்கள். பனிவிளக்கு போன்ற பெரிய சுமைக்குச் சரி. ஒரு கைப்பேசி சார்ஜருக்கு ரிலே என்பது எலிக்குட்டிக்கு யானைப்பாகன். ரிலேயின் சுருள் மட்டுமே இரண்டு வாட் அளவுக்குத் தின்னும், நாம் கைப்பேசிக்குக் கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அது.

பியூஸ் விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. நம் நாட்டு மூன்றுகால் பிளக்கைத் திருகித் திறந்தால் உள்ளே விரல்நுனி அளவில் ஒரு பியூஸ் இருக்கும். பிரிட்டன் 1947-இல் வகுத்த அமைப்பு, நமக்கு அங்கிருந்து வந்தது. தமிழ்நாட்டுப் பிளக்கில் அது கிடையாது. அந்தப் பியூஸ் தொலைக்காட்சியைக் காப்பாற்ற வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. ஸ்கூட்டரிலும் அப்படித்தான்.

கணக்கைப் பாருங்கள். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.034 ஓம் தடை. வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது. 1 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 0.034 வாட், கம்பிக்கே தெரியாது. ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி வயரின் தோல் உரிந்து இரும்பில் பட்டுவிட்டது என்று வையுங்கள். சிறு மின்கலம்தான், இருந்தாலும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் வலு அதற்கு உண்டு. ஒரு கணத்தில் 50 ஆம்பியரைத் தள்ளிவிடும். மின்னோட்டம் 50 மடங்கு, வெப்பமோ 2,500 மடங்கு. மீட்டருக்கு 85 வாட்! இரண்டு முகப்பு விளக்குகளின் சூட்டைவிடக் கூடுதல், அதுவும் மெல்லிய பிளாஸ்டிக் தோலுக்குள். சில நொடிகளில் அது உருகும். கப்சாயில் பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது? நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே.

3 ஆம்பியர் பியூஸ் இருந்தால் இந்தக் கதை தொடங்கிய மறுகணமே முடிந்துவிடும். அதுவும் கிளை வயர் பிரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சார்ஜருக்குப் பக்கத்தில் வைத்தால், அதற்கு முந்தைய நீளம் முழுவதும் காவலில்லாமல் கிடக்கும். காவல்காரனை வாசலில் நிறுத்தாமல் சமையலறையில் நிறுத்தியது போலாகும். இணைப்பை முறுக்கி டேப் சுற்றுவது இரண்டு மழைக்குக்கூடத் தாங்காது. பசையும் இளகும், பச்சைக் களிம்பு பிடிக்கும், தடை கூடும், அங்கே சூடு பிறக்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்துச் சுருங்கும் குழாய் போடுங்கள், அல்லது ரப்பர் வளையமுள்ள நீர்புகா இணைப்பான் வாங்குங்கள். எதிர்முனையை வர்ணம் பூசிய போல்ட்டில் கட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறியாதீர்கள். வர்ணத்தில் மின்சாரம் போகாது. மின்கல முனைகளின் திருகும் இறுக்கமாக இருக்கட்டும். ஓட்டத்தில் அது கழன்று ஆடினால், ஸ்டேட்டரின் துள்ளலைத் தாங்கிக்கொள்ளும் தொட்டி இல்லாமல் போய், சார்ஜர்தான் முதலில் பலியாகும்.

கைப்பேசியை ஹேண்டிலில் பூட்டி வைப்பவர்களுக்கு இடையில் ஒரு செய்தி. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் தொடர் அதிர்வு கேமராவின் நடுக்கத்தடுப்புப் பொறியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் பிடிப்பு வாங்குங்கள், அல்லது கைப்பேசியை முன்பெட்டிக்குள் போட்டு மூடுங்கள்.

கடைசியில் எல்லோரும் கேட்பது: பெட்ரோல் கூடுதலாகக் குடிக்குமா? குடிக்கும். சும்மா ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம்தானே, இனாம்தானே என்று பட்டறை வாசலில் பேசுவார்கள். இயற்கையில் இனாம் கிடையாது. சுருளிலிருந்து மின்சாரம் எடுத்தால் அது காந்தச் சட்டியைப் பிடித்து இழுக்கும், எஞ்சின் அந்த அளவுக்குக் கூடுதலாகத் தள்ள வேண்டும். எவ்வளவு? கைப்பேசிக்கு 10 வாட். மின்னாக்கியில் பாதி வீண், எஞ்சினில் ஐந்தில் நான்கு பங்கு வீண் என்று தாராளமாகவே வைத்தால் பெட்ரோலிலிருந்து 100 வாட் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3 கோடியே 20 இலட்சம் ஜூல் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் 11 மில்லிலிட்டர், இரண்டு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல். லிட்டர் இரண்டு ரிங்கிட் என்றால், தாப்பாவிலிருந்து மலையேறி முடிக்கும் நேரத்துக்குச் செலவு ஏறத்தாழ இரண்டு சென்.

பணம் இங்கே ஒரு பொருட்டே இல்லை. பட்டறையில் வேலை முடிந்ததும் கைப்பேசியைச் சொருகிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். "பியூஸ் எங்கண்ணே இருக்கு?" என்று கேளுங்கள். கிளை பிரியும் இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் அதைக் கைவைத்துக் காட்டினால் காசு கொடுங்கள். காட்டாவிட்டால் மூடியை மறுபடி கழற்றச் சொல்லுங்கள்.